எடிசன் ஊர் ஒபதியா

— கத்தரிக்காயை வெட்டச் சொன்னால் ஏனப்பா அதைக் குத்துறியள்? அது என்ன, உங்கட முதலாளியே?

— மெதுவாக் கதை மலர். கீழ பொடியனுக்குக் கேக்கும்.

— கேக்கட்டும். ஹீட்டர் ஓட்டையால இந்தக் குசினியில கதைக்கிறது எல்லாம் பேஸ்மென்டுக்குப் போகும் எண்டு தெரியும்தானே. வெள்ளியங்கிரி! தம்பி! கேக்குதோ?

— கேக்குதுங்க்கா! கத்தரிக்காய்ல இருந்தே கேட்டுட்டுத்தான் இருக்கறனுங்க.

— அப்ப மேல வா. வந்து என்ர மனுசனிட்டைக் கத்தியை வாங்கு. மற்ற மூண்டு பேரும் எங்க?

— லைப்ரரிக்குப் போயிருக்காங்க்கா. அங்க இன்டர்நெட்டு ஃப்ரீங்க. இந்த எடிசன்ல ஆரம்பிச்சு நியூ ஜெர்சியில இருக்கற கம்பெனிக்கெல்லாம் ரெஸ்யூம் அனுப்பி முடிச்சாச்சு. இப்ப அலாஸ்கா வரைக்கும் போயிட்டானுங்க.

— நீ போகேல்லையோ?

— எனக்குத்தான் டெக்சஸ்ல, ரவுண்ட் ராக் பக்கத்துல, ஒருத்தரு வேலை தர்றேன்னுட்டாருங்களே. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பாஸ்போர்ட் காப்பி ஃபேக்ஸ் பண்ணோணுமாம். அந்தப் பாஸ்போர்ட்தான் எம்டி சார் ஆபீஸ் பீரோவுல படுத்துத் தூங்குதுங்க.

— கேட்டியளோ அப்பா? அந்தப் பீரோச் சாவி ஆற்ற பொக்கற்றுக்குள்ள கிடக்கு?

— என்ர பொக்கற்றுக்குள்ளதான். அதுக்கு? களவா எடுக்கச் சொல்லுறியோ?

— களவா வேண்டாம். கேட்டு எடுங்கோ.

— கேக்கிறதோ! நஞ்சப்பன் சேரிட்டையோ! ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில இருக்கிற நாலு பேரையும் செவ்வாய்க்கிழமை ஊருக்குப் பிளேன் ஏத்து எண்டு சொல்லிப்போட்டார். பொடியள் இருந்த கம்பனி கெஸ்ட் ஹவுஸைப் பூட்டியாச்சு. "பொடியள் எங்க நிக்கிறாங்கள்?" எண்டு கேட்டதுக்கு, "ஆரோ சிநேகிதர் வீட்டில சேர்" எண்டு சொல்லி வச்சிருக்கிறன்.

— அது பொய்யில்லைத்தானே. நாங்கள் சிநேகிதர்தானே.

— பிரச்சினை வேண்டாம் மலர். எங்கட கிரீன் கார்டு பேப்பரில கையெழுத்துப் போட்டிருக்கிறதும் அதே சேர்தான். அவர் கையை எடுத்தால் நாங்கள் மானிப்பாய்க்கோ போறது? ஷெல் விழுகிற இடத்துக்கோ? களவா எடுக்கவும் மனச்சாட்சி விடுகுதில்லை. கேக்கவும் துணிவு வருகுதில்லை. என்னை என்ன செய்யச் சொல்லுறாய்?

— கத்தரிக்காயை விடச் சொல்லுறன். தம்பி, இண்டைக்குச் சேர்ச்சில போதகர் இந்தா நிக்கிற உங்கட அண்ணனைப் பற்றித்தான் பிரசங்கம் வச்சவர். பேர் மட்டும் மாத்திச் சொன்னவர்.

— நெசமாவுங்களா? என்ன பேருங்க?

— ஒபதியா.

— கேள்விப்பட்டதில்லீங்களே.

— சேர்ச்சில இருக்கிற சனமே கேள்விப்பட்டதில்லை. ஆகாப் எண்டு ஒரு ராசா. அவன்ர பெண்சாதி யேசபேல். அவள் கடவுளின்ர வார்த்தையைச் சொல்லுற தீர்க்கதரிசிமாரைத் தேடித் தேடிக் கொல்லுறவள். அந்த அரண்மனையிலேயே மனேஜர் வேலை பாத்தவன் இந்த ஒபதியா. ராசாட சம்பளத்தை வாங்கிக்கொண்டே நூறு தீர்க்கதரிசிமாரைக் குகைக்குள்ள ஒளிச்சு வச்சுச் சாப்பாடு குடுத்தவன்.

— நூறு பேருக்குங்களா! எங்க நாலு பேருக்கே நீங்க ரெண்டு தடவை குக்கர் வெக்கறீங்க.

— அவன் அப்பமும் தண்ணியும்தான் குடுத்தவன். அந்தக் குகைக்குள்ள ஒருத்தரும் ரசம் கேக்கேல்லை.

— நான் ஒரு நாள்தானுங்க கேட்டேன்.

— சரி, கேள். நாட்டில மழை இல்லை, பஞ்சம். குதிரையளுக்குப் புல்லுத் தேடிக்கொண்டு வா எண்டு ராசா ஒபதியாவை அனுப்பினான்.

— இந்த வருசம் எம்டி சார் அண்ணனை ப்ராஜெக்ட் தேட அனுப்பற மாதிரிங்களா?

— அதேதான். புல்லெண்டாலும் அவனுக்கு எங்கயாவது அம்பிட்டிருக்கும். போற வழியில எலியா எண்ட பெரிய தீர்க்கதரிசி எதிரில வந்து நிண்டார். "போய் உன்ர ராசாட்டைச் சொல்லு, எலியா இஞ்ச இருக்கிறான் எண்டு" எண்டார். ஒபதியாவுக்கு நடுங்கத் தொடங்கிட்டுது. "நான் என்ன பாவம் செய்தன்? போய்ச் சொன்னால் ராசா என்னைக் கொன்று போடுவான்" எண்டு அழுதான்.

— அவன் சொன்னதில என்ன பிழை? நியாயமான மனுசன்.

— பாத்தியோ தம்பி, ஒபதியாவே கதைக்கிறார்.

— அப்பறம் போய்ச் சொன்னானுங்களா?

— போய்ச் சொன்னான். அதோட அவன்ர கதை முடிஞ்சுது.

— அடப்பாவமே, கொன்னுட்டானுங்களா?

— இல்லையடா. பேந்து அவனைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சொல்லவேண்டியதைச் சொல்லிட்டான், வீட்டை போயிருப்பான்.

— அவன்ர பெண்சாதியும் அவனைக் கத்தரிக்காய் வெட்டச் சொல்லியிருப்பாள். எல்லாம் சரி மலர். பயந்துகொண்டு திரிஞ்சவனை ஏன் வேதத்தில எழுதி வச்சிருக்கினம்?

— பயந்து பயந்து நூறு பேருக்குச் சாப்பாடு குடுத்தானே, அதுக்குத்தான்... ஆரது பெல் அடிக்கிறது? லைப்ரரிக்குப் போன பொடியள் பின்பக்கத்தாலதானே வருவாங்கள்?

— அக்கா! நாகலக்ஷ்மி மேடமுங்க! எம்டி சார் ஊட்டம்மா வாசல்ல நிக்கறாங்க!

— ஐயோ, யேசபேல்!

— மெதுவா மலர், மெதுவா! தம்பி, நீ கீழ ஓடு. இருமக் கூடாது, சிரிக்கக் கூடாது. மூச்சு மட்டும் விடு.

— விடறனுங்க.

— வாங்கோ மேடம், வாங்கோ! இதென்ன, சொல்லாமல் கொள்ளாமல்!

— தொந்தரவு பண்ணிட்டனுங்களா ஜெயமலர்? பாருங்க, கொழம்பு வாசம் தெருமுனைக்கே வருது. அடடே, ஞாயித்துக்கிழமை செல்வராஜாவுக்குச் சமையல் டூட்டிங்களா?

— சும்மா உதவி மேடம். சும்மா.

— ரெண்டு பேருக்கு இத்தனை பெரிய குண்டா வெச்சிருக்கீங்க?

— உவர் நல்லாச் சாப்பிடுவார் மேடம்.

— பாருங்க, பாத்தா குச்சியாட்டம் இருக்காரு.

— ஓடி ஓடி வேலை செய்யிறார்தானே. சேருக்காக.

— ஹச்ச்!

— அதென்னங்க சத்தம்?

— ஹீட்டர், மேடம்.

— ஜூன் மாசத்துலங்களா?

— பழைய ஹீட்டர். அதுக்கு மாசம் தெரியாது.

— ஹச்ச்! ஹச்ச்!

— பாருங்க செல்வராஜா, ஹீட்டருக்குச் சளி புடிச்சிருக்குது. கொஞ்சம் கசாயம் வெச்சுக் குடுங்க. கீழ எத்தனை பேருங்க?

— மேடம்...

— உங்களை மெரட்ட வரலீங்க. எத்தனை பேரு?

— நாலு. நாலு பேரும் இஞ்சதான். கடவுளே, சொல்லிட்டன். மலர், எனக்குக் கொஞ்சம் தண்ணி தா.

— அப்ப இந்தாங்க. நாலும் இருக்குதான்னு பாத்துக்கங்க.

— இது... பாஸ்போர்ட்! அப்பா, பாருங்கோ, பொடியளின்ர பாஸ்போர்ட்! சேர் தந்து விட்டவரோ மேடம்?

— அவருக்குத் தெரியாதுங்க. பசங்க போனா உங்க ஊட்டுக்குத்தான் போயிருப்பாங்கன்னு நானே நெனச்சுட்டு வந்தேன். பீரோவுக்கு இன்னொரு சாவி எங்க ஊட்டுல இருக்குது. காலைல அவரு குளிக்கறப்ப ஆபீசுக்கு ஓடி எடுத்துட்டு வந்துட்டேன். பாருங்க, பசங்க வந்த புதுசுல நாலு பேரும் எங்க ஊட்டுலதான் முதல் சாப்பாடு சாப்பிட்டாங்க. அந்த வெள்ளியங்கிரி தட்டைக் கழுவி வெச்சுட்டுப் போனான். அப்படிப்பட்ட பையனைக் கையில ஒண்ணுமில்லாம ஊருக்குத் துரத்தினா நான் எப்படிங்க சாமி கும்பிடறது?

— மேடம், நீங்கள் என்னை மன்னிக்கவேணும்.

— எதுக்குங்க ஜெயமலர்?

— ஒண்டுமில்லை. ஒரு பேர் வச்சனான். இப்ப எடுத்துட்டன்.

— என்னமோ போங்க. எங்க ஊட்டுக்காரரு கெட்டவரில்லீங்க. பயந்து போயிருக்காரு. ஒரு ப்ராஜெக்டும் வரமாட்டேங்குது. தூங்கறதில்ல. போன் அடிச்சா நடுங்கறாரு, எடுத்தா கத்தறாரு. சரிங்க, எனக்குக் கொஞ்சம் கறிவேப்பிலை பறிச்சுக் குடுங்க, நான் கெளம்பறேன்.

— கறிவேப்பிலையோ?

— பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போறோம்னு சொல்லித்தான் அவரைக் கூட்டிட்டு வந்தேன். ஜெயமலர் கிட்டக் கறிவேப்பிலை வாங்கிட்டு வந்தர்றேன்னு எறங்கினேன். வெறுங்கையோட போனா கேப்பாரு.

— சேர் வெளியிலயோ நிக்கிறார்!

— ரெண்டு ஊடு தள்ளி, அந்த மரத்தடியில, கார்ல.

— கொஞ்சம் நில்லுங்கோ மேடம். நாளைக்குச் சேர் பீரோவைத் திறந்து பாத்தால்?

— எனக்கென்ன தெரியும்னு சொல்லிருவேன்.

— சாவி ரெண்டுதான். ஒண்டு என்னட்டை, மற்றது உங்கட வீட்டில. நான் எடுக்கேல்லை எண்டு நான் சத்தியம் பண்ணினால், பேந்து நீங்கள்தான் எண்டு ஆகிப்போயிடும்.

— ஆகட்டுமுங்க. வழக்கமாக் கத்தறதுதானே, ரெண்டு நாளைக்குச் சேத்துக் கத்துவாரு.

— இல்லை மேடம். அது சரியில்லை. நீங்கள் எங்களுக்காகச் செய்துபோட்டுத் தனிய நிண்டு பேச்சு வாங்க ஏலாது. நானும் வாறன். நானே சேரிட்டைச் சொல்லுறன்.

— என்னப்பா? விசரே உங்களுக்கு? கையில வந்ததை வச்சுக்கொண்டு பேசாமல் இருங்கோ!

— நீதானே கேட்டு எடு எண்டனீ.

— நான் சும்மா சொன்னனான்! கண்டறியாத ஒபதியா! கிரீன் கார்டு, அப்பா! மானிப்பாய்!

— தெரியும் மலர். பாஸ்போர்ட் நாலையும் தா, காட்டித்தான் கேக்கவேணும். என்ர செருப்பு எங்க?

— கையெல்லாம் கத்தரிக்காய்க் கறை உங்களுக்கு.

— கைதானே. காலால நடந்து போறன்.

— ஐயோ, ஒரு கால்ல உங்கட செருப்பு, மற்றக் கால்ல தம்பியின்ர செருப்பு!

— கிடக்கட்டும். மாத்த நிண்டால் துணிவு போயிடும். மேடம், கறிவேப்பிலையை மறக்காதேங்கோ. நீங்கள் பக்கத்தில நிண்டால் போதும், கதைக்கிறது நான்.

— செல்வராஜா, யோசிச்சுக்கங்க.

— யோசிச்சால் வரமாட்டன் மேடம். வாங்கோ, கெதியா.

— அக்கா! அக்கா, நான் மேல வந்துட்டனுங்க. எல்லாம் கேட்டுச்சு. அண்ணன் நெசமாவே போயிட்டாருங்களா?

— போயிட்டார். தம்பி, முன் அறையில பிளைண்ட்ஸை விலக்கிப் பார். என்னால பாக்க ஏலாது. நான் கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறன், நீ சொல்லு.

— காருக்கிட்டப் போயிட்டாருங்க... அக்கா, திரும்பிட்டாருங்க!

— திரும்பி வாறாரோ?

— இல்லீங்க, இல்லீங்க, என் செருப்பு கழண்டு பின்னால கெடக்குது. மாட்டிட்டு மறுபடியும் போறாருங்க.

— ஆண்டவரே, அந்தச் செருப்பையும் காத்துக்கொள்ளும்.

— கார் கண்ணாடி எறங்குது. அண்ணன் குனிஞ்சு பேசறாரு. இப்ப கையை நீட்டி நம்ம ஊட்டைக் காட்டறாருங்க! நான் பேஸ்மென்டுக்குப் போயிரட்டுங்களா?

— நில்லு. நீ இஞ்ச இருக்கிறாய் எண்டு சொல்லத்தானே அந்த மனுசன் போயிருக்கு.

— எம்டி சார் கதவைத் தொறந்து எறங்கிட்டாருங்க. மொகமெல்லாம் செவந்து கெடக்குது. மேடம் நடுவுல வர்றாங்க, அண்ணன் வேண்டாம்னு கையைக் காட்டறாரு. ஐயோ!

— என்னடா?

— பாஸ்போர்ட்டை வெடுக்குன்னு புடுங்கிட்டாருங்க.

— போச்சு. எல்லாம் போச்சு.

— அண்ணன் நகராம நிக்கறாருங்க. பேசிட்டே இருக்காரு. ஆபீஸ்ல நாலு வார்த்தைக்கு மேல பேசி நான் பாத்ததே இல்லீங்க, இப்ப மூச்சு விடாமப் பேசறாரு. எம்டி சார் ஒவ்வொரு பாஸ்போர்ட்டாத் தொறக்கறாருங்க. போட்டோவைப் பாத்துட்டு மூடறாரு. அடுத்ததைத் தொறக்கறாரு...

— கிழிக்கிறாரோ?

— இல்லீங்க. பாக்கறாரு. பாத்துட்டே நிக்கறாரு. அக்கா... அக்கா! நாலையும் அண்ணன் சட்டைப் பாக்கெட்டுல திணிச்சுட்டாருங்க! அவரு கையாலயே! பாக்கெட்டு மேல தட்டறாரு!

— உண்மையாவோ? பொய் சொல்லாதை தம்பி.

— சாமி சத்தியமாங்க! அக்கா, எனக்கு டெக்சஸ்! எனக்கு டெக்சஸுங்க! ஆனா... இதென்னங்க, அப்படியே கார் மேல கையை வெச்சுச் சாஞ்சுட்டாரு. தலையைக் கவுத்துட்டாரு. அண்ணன் அவரு தோளைப் புடிச்சுட்டு நிக்கறாருங்க. மேடம் முதுகைத் தடவிக் குடுக்கறாங்க. ஒடம்பெல்லாம் குலுங்குது, சிரிக்கறாருங்களா, என்ன பண்றாருன்னே தெரியலீங்க.

— தள்ளு, நான் பாக்கிறன்.

— என்னங்க்கா? சிரிக்கறாருங்களா?

— பிளைண்ட்ஸை இறுக்கி மூடு தம்பி. அந்த மனுசன் அழுததை இந்த வீட்டில ஒருத்தரும் பாக்கேல்லை.