சிவப்புக் கட்டில்

எங்கள் ஆஸ்பத்திரியில் முதன்முதலாக ஏசி போட்டது கம்ப்யூட்டர் அறைக்குத்தான். அதற்கே என்மேல் பாதிப் பேருக்குக் கோபம். பிரசவ வார்டில் காற்றாடி ஓடவில்லை, ஆபரேஷன் அறையில் டாக்டர் வியர்த்து வழிகிறார், இவன் பெட்டிக்கு மட்டும் குளுகுளு வசதியா என்று கேட்டார்கள். சூடானால் இயந்திரம் நின்றுவிடும் என்றேன். "ஏன், மனுஷன் நிக்க மாட்டானா?" என்றார் துப்புரவு மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று முதல் எனக்குப் பெட்டிக்காரர் என்று பெயர். விசாரணைக்கு வந்த அன்று நீங்கள் வாசலில் என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள், எல்லோரும் உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள். பெட்டிக்காரர் என்றிருந்தால் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டிருப்பார்கள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், மேடம். வரிசையாகச் சொல்ல விடுங்கள். வரிசை மாறினால் நான் கெட்டவனாகத் தெரிவேன்.

பெட்டி வருவதற்கு முன்னால் இங்கே நிலைமை எப்படி இருந்தது என்று பழைய ஆட்களைக் கேளுங்கள். நோயாளியின் தாள்கள் மூட்டை மூட்டையாக நடையில் கிடக்கும். எலி தின்றது போக மீதியைத்தான் டாக்டர் படிப்பார். ஒருவருக்குப் போட வேண்டிய ஊசியைப் பக்கத்துக் கட்டிலுக்குப் போட்ட கதையெல்லாம் உண்டு. நான் வார்டு வார்டாகப் போய் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். ஆண்கள் வார்டு சிஸ்டர் ஒற்றை விரலால் தட்டுவார். "இந்தப் பெட்டிக்கு ஊட்டி முடிச்சிட்டுத்தான் நான் நோயாளியப் பாக்கணுமா சார்?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார். அவருக்கு ஒரு நல்ல நாற்காலி வாங்கிக்கொடுத்தேன். கொஞ்ச நாளில் அவரே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

நிறம் காட்டும் யோசனை என்னுடையது. நாடித்துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம், வயது எல்லாவற்றையும் சிஸ்டர்கள் தட்டிவிட்டால், பெட்டி கணக்குப் போட்டு ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு நிறம் கொடுக்கும். பச்சை என்றால் கவலை இல்லை. மஞ்சள் என்றால் கவனம் வேண்டும். சிவப்பு என்றால், டியூட்டியில் இருக்கிற ஒரே டாக்டர் எல்லா வேலையையும் போட்டுவிட்டு அந்தக் கட்டிலுக்குத்தான் முதலில் ஓட வேண்டும். முதல் வாரத்திலேயே ஒரு பெண் அதனால் பிழைத்தாள். அவளுடைய அம்மா கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக் கைகூப்பினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க வெளியே போய் நின்றேன்.

பிறகு தலைமை அலுவலகம் ஆஸ்பத்திரிகளை ஒன்றோடொன்று ஒப்பிடத் தொடங்கியது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கு மாதக் கடைசியில் பெட்டியிலிருந்து தானாகவே போய்ச் சேரும். நாங்கள் கடைசி இடம். மற்ற ஆஸ்பத்திரிகள் வாய்க்கு வந்ததைப் போனில் சொல்லின. எங்கள் கணக்கு மட்டும் உண்மை, என்னால்.

பெரிய டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கெட்டவர் இல்லை. யாரைப் பார்த்தாலும் முதலில் சாப்பிட்டாயா என்று கேட்கிற ஆள். "உண்மையச் சொன்னதுக்கு நமக்குக் கெடச்ச பரிசப் பாத்தீங்களா தம்பி? இன்னொரு தடவை கடைசியா வந்தா உங்க பெட்டியத் தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்றார். அது என்னைச் சுட்டது.

அவர் பொய்க்கணக்கு எழுதச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். வீட்டார் விருப்பப்பட்டுக் கூட்டிக்கொண்டு போகிற நோயாளி இறப்புக் கணக்கில் வருவாரா என்றுதான் கேட்டார். வரமாட்டார், அவர் வீடு திரும்பியவர் என்றேன். அவர் தலையாட்டினார். மறுநாளிலிருந்து காலையில் டீ கிளாஸோடு திரையின் முன்னால் வந்து நின்று, சிவப்பாக இருக்கிற கட்டில்களைக் காட்டி, "இவங்க வீட்டுல பேசிப் பாருங்க" என்பார். சிஸ்டர்கள் போய்ப் பேசுவார்கள். இனிமேல் இங்கே வைத்துப் பயனில்லை என்று சொன்னால் யார்தான் எதிர்த்துப் பேசுவார்கள்? கைரேகை வைத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். முதலில் ஓட வேண்டிய கட்டில் முதலில் காலியாக வேண்டிய கட்டில் ஆனது இப்படித்தான்.

ஒரு மத்தியானம் பெரிய டாக்டர், "சிவப்பு ரொம்ப லேட்டா வருது தம்பி. வீட்டுக்குப் போற வண்டி வர்றதுக்குள்ள ஆள் முடிஞ்சு போயிடுது. கொஞ்சம் முன்னாடியே காட்டுமா?" என்றார். எந்த இடத்தில் மஞ்சள் முடிந்து சிவப்பு தொடங்க வேண்டும் என்பது ஓர் எண், அவ்வளவுதான். அதை மாற்றினேன். மாற்றிவிட்டு டீ குடித்தேன். நல்ல மருந்தும் ரெண்டு நாள் கவனிப்பும் கிடைத்திருந்தால் எழுந்து நடந்திருக்கக் கூடியவர்களும் அன்றிலிருந்து சிவப்பானார்கள். எனக்குத் தெரியும். நீங்கள் கேட்கும்முன் நானே சொல்லிவிடுகிறேன், தெரிந்துதான் செய்தேன்.

அடுத்த மாதமே முதலிடம். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து திரையைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் இதையே கொண்டுபோகலாம் என்று பேச்சு அடிபட்டது.

இனி அத்தான் விஷயத்துக்கு வருகிறேன். என் அக்கா வீட்டுக்காரர். லாரி மெக்கானிக். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். காய்ச்சல் முற்றி நெஞ்சில் சளி கட்டியிருந்தது. ஆட்டோவில் நான்தான் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்து சேர்த்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே, "உன் பெட்டியில என் பேர அழகா அடிச்சு வைடா மச்சான்" என்று கிண்டல் செய்தார். அடித்து வைத்தேன்.

மறுநாள் காலை அத்தான் படுத்திருந்த ஜன்னலோரக் கட்டில் சிவப்பானது. மாதக் கடைசி வேறு. பெரிய டாக்டர் வழக்கம்போலத் திரையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அது என் அத்தான் என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. சிஸ்டர் போன் செய்தார். "சார், ஜன்னலோரத்துல இருக்கறது உங்க அக்கா வீட்டுக்காரர்தானே? நான் என்ன செய்யட்டும்?"

ஒரு பொத்தானை அழுத்திப் பச்சையாக்கியிருக்கலாம். ஆனால் நான் அந்தப் பெட்டியில் இதுவரை ஒரு பொய்யைக்கூட ஏற்றியதில்லை, மேடம். சொந்தக்காரர் என்றதும் வளைந்துகொடுத்தால், அதுவரை போனவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? "எல்லாருக்கும் ஒரே சட்டம்தான் சிஸ்டர்" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். உங்களிடம் புகார் கொடுத்தது அவர்தான் என்று எனக்குத் தெரியும். அவர்மேல் வருத்தமில்லை.

கொஞ்ச நேரத்தில் அக்கா என் அறைக்கு வந்தாள். அதுவரை அங்கே அவள் வந்ததே இல்லை. குளிருக்குக் கைகளைத் தேய்த்துக்கொண்டு கதவருகிலேயே நின்றாள்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றாங்கடா. எனக்கு ஒண்ணும் புரியல. நீ சொல்லு, நான் என்ன செய்ய?"

நான் அவளைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே, "கூட்டிட்டுப் போக்கா" என்றேன்.

நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளுக்கு நம்பிக்கை. கூட்டிக்கொண்டு போனாள். அத்தான் மறுநாள் மத்தியானம் சுவரில் சாய்ந்தபடியே போய்விட்டார். எங்கள் கணக்கில் அவர் வீடு திரும்பியவர்.

மனசு உறுத்தவில்லையா என்று கேட்டீர்கள். உறுத்துகிறது. அன்றைக்கே அந்த எண்ணைப் பழையபடி மாற்றிவிட்டேன். அத்தானின் நாடியையும் மூச்சையும் திரும்ப ஏற்றிப் பார்த்தேன். மஞ்சள். நீங்கள் வருவதற்கு முன்னால் இன்னொரு தடவை ஏற்றிப் பார்த்தேன். மஞ்சள்தான். அவர் பிழைத்திருப்பார். அவரைக் கொன்றது நான். அவருக்கு முன்னால் போன மற்றவர்களையும் நான்தான். எத்தனை பேர் என்று பெட்டி ஒரு நொடியில் சொல்லிவிடும், எனக்குத்தான் கேட்கத் துணிவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அக்காவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். தான் கூட்டிக்கொண்டு வந்ததால்தான் அவர் செத்துப்போனார் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, உன்மேல் தப்பில்லை அக்கா என்று ஆறுதல் சொல்லிவிட்டு வருகிறேன். உண்மை தெரிந்தால் பாவம், அவள் தாங்க மாட்டாள்.