பனிக்கட்டியில் வைத்த இரண்டு பை இரத்தம்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

ஓடுகிறேன். செவ்வாய்க்கிழமை. பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். கிள்ளிப்பாலத்தில் இரண்டு கட்சியினர் மோதுகின்றனர். நாட்டுக் குண்டு வெடிக்கிறது. முதல் ஓசை தகரக் கதவை அறைந்தது போன்றது. அடுத்தது கேட்கவில்லை. காது சற்று நேரம் அடைத்துவிட்டது. நான் வந்த ஆட்டோ கவிழ்ந்து எரிகிறது. ஓட்டுநருக்கு முழங்காலுக்குக் கீழே கால் இல்லை.

"ஓடும் அண்ணாச்சி! இன்னும் எறியுறானுவ!" என்று அவர் கத்தினார். அவரை விட்டு ஓடினேன்.

என் மார்போடு இரண்டு பை இரத்தம். இரத்த வங்கியில் வாங்கியது. கரமனையில் ஒரு சிறு மருத்துவமனையில் கிடந்த என் தம்பி பொன்னையாவுக்கு உரியது. அவன் உடலில் இரத்தம் ஊறுவது நின்று ஓராண்டு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றினால்தான் உயிர். அன்று மூச்சுக்குத் தவித்தான்.

இரத்தப் பைகள் இருந்த குளிர்பெட்டி கல்லடியில் பிளந்துவிட்டது. வெயில் கொளுத்தியது. ஆளில்லாத மீன் கடைக்குள் புகுந்தேன். சாலைச் சந்தையில் நாற்பது ஆண்டு மீன் விற்றவன் நான். அங்கே மீன் பெட்டியில் பனிக்கட்டி இருந்தது. பைகளை அதற்குள் புதைத்தேன். மீனைக் காப்பது இரத்தத்தையும் காக்கும் என்று நம்பினேன். வெளியே ஒருவரை வெட்டினார்கள். நான்கு முறை அலறினார். பிறகு ஓசை இல்லை.

மூன்று மணி ஐம்பது நிமிடத்துக்கு மருத்துவமனையை அடைந்தேன். செவிலியர் ஷைலா பையை வெளிச்சத்தில் பிடித்தார். மேலே தெளிந்து நிற்கவேண்டிய நீர் கருஞ்சிவப்பாக இருந்தது.

"இதை ஏத்த மாட்டேன் அண்ணாச்சி. ஐஸ் பட்டு ரத்த அணுவெல்லாம் பொட்டி உடைஞ்சுபோச்சு, கேட்டோ. ஏத்தினா இதுவே ஆளைக் கொல்லும்."

தம்பி சிரித்தான். "என்னண்ணே, என்னையும் சாளைமீனுன்னு நினைச்சிட்டியா?"

ஷைலா வேறு இரத்தத்துக்காகத் தொலைபேசியில் மன்றாடினார். மோதலால் சாலை திறக்கவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினார். ஐந்து மணி இருபது நிமிடத்துக்கு எண்ணுவதை நிறுத்தினார்.

என்னோடு மீன் விற்கும் சந்தை ஆட்கள் செய்தி கேட்டு வந்தனர். "ரத்தத்தைக் கையில வச்சுக்கிட்டே கொன்னுட்டா!" கண்ணாடி நொறுங்கியது. இரும்புக் கம்பியால் ஷைலாவின் வலக்கையில் அடித்தனர். எலும்பு முறியும் ஓசை இருமுறை. நான் மூன்றடி தொலைவில் நிற்கிறேன். பனிக்கட்டியில் புதைத்தவன் நான் என்று சொன்னால் போதும், அடி நிற்கும். சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்தார். அவரும் சொல்லவில்லை.

மறுநாள் காவல் நிலையத்தில் அவர்மீது புகார் எழுதினார்கள். இரத்தம் ஏற்ற மறுத்த குற்றம். கையொப்பம் என்னுடையது.

இழந்தவை: என் தம்பி, வயது ஐம்பத்து நான்கு. மீன் கடை வாசலில் வெட்டுண்டவர், பெயர் அறியேன். ஆட்டோ ஓட்டுநரின் ஒரு கால். முகம் தெரியாத இருவர் கொடுத்த இரத்தம். செவிலியர் ஷைலாவின் வலக்கை; அதனால் இனி ஊசி பிடிக்க இயலாது. அவர் வேலை.

இத்தாளை அந்தப் புகாரோடு சேர்த்து வைக்குமாறு வேண்டுகிறேன்.