கைப்பையில் பதினொரு நாள்

அவைக்குத் தலைமை தாங்கி, மணி அடிக்காமல் என்னைப் பேசவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கும் பெரியவர் மஹாதேவன் அவர்களே! ஹவுராவிலிருந்து படகேறியும் டாலிகஞ்சிலிருந்து மெட்ரோ ஏறியும் வந்து, முன்வரிசை நாற்காலிகளை விழாக் குழுவினருக்கும் முன்னதாகவே பிடித்துவிட்ட சான்றோர் பெருமக்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! தமிழில் தொடங்கி வங்காளத்தில் வாக்கியத்தை முடிக்கும் எங்கள் இளைய செல்வங்களே! சாமந்திப் பூக்களின் கனத்தில் கழுத்து சாய வீற்றிருக்கும் இன்றைய விழா நாயகி, தங்கை ஹம்சினியே! உங்கள் அனைவரையும் இரு கரம் கூப்பி வணங்குகிறேன்.

பயிற்சியாளர் தேர்வில் தேறி, இனி பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுத்தரப் போகும் ஹம்சினிக்கு இன்று பாராட்டு விழா. அழைப்பிதழில் ஒரு வரி அச்சாகியிருக்கிறது. 'ஹம்சினியை உருவாக்கிய அணி மேலாளர் ஜெயலக்ஷ்மி வாழ்த்துரை' என்று. அந்த வரியைப் படித்த நாள்முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. உருவாக்கினேனா? நானா? பந்து உருண்டை என்பதைத் தவிர வேறெதுவும் அறியாத நானா? ஐயா, அந்த வரியை அடிக்கத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு. ஹவுராவில் ரயில்வே அலுவலகத்தில் நான் குமாஸ்தா. பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற உத்தமன் அண்ணன் என் மேசைக்கு வந்தார். பெண்கள் கால்பந்து அணி ஒன்றை அவர் அப்போதுதான் தொடங்கியிருந்தார்.

"ஜெயலக்ஷ்மிம்மா, பொம்பளைப் புள்ளைங்க டீமுக்கு ஒரு லேடி மேனேஜர் இருந்தே ஆகணுமாம். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா வந்து உக்காந்தா போதும்."

சும்மா உட்காருவதில் எனக்குப் பதினைந்து ஆண்டு அனுபவம் உண்டே, ஒப்புக்கொண்டேன். சிரிக்காதீர்கள், அரசு ஊழியர்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருக்கிறீர்கள்!

போனேன், பார்த்தேன். பதினைந்து பெண்கள். பாதிப் பேருக்கு பூட்ஸ் இல்லை. ஆட்டக்காரர் பட்டியலில் பதினாறு பேர் இருக்கவேண்டும் என்பது விதி என்பதால், பதினாறாவது பெயராக உத்தமன் அண்ணன் என் பெயரையே எழுதிவிட்டார். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. கோல் கம்பத்தைப் புதுல் காத்தாள், மீன் கடைக்காரர் மகள். காளிகாட்டிலிருந்து காமு வருவாள், பதினாறு வயது. பந்து தன்னை நோக்கி வந்தால் கண்ணை இறுக மூடிக்கொண்டு முதுகைக் காட்டுவாள். அந்தப் பதினைந்து பேரில் தலைவியாக ஒருத்தி, பத்தொன்பது வயதில், இதோ இந்த ஹம்சினி.

ஆடினோம், தோற்றோம். மறுபடி ஆடினோம், மறுபடி தோற்றோம். ஏழு கோல் வாங்கிய நாளும் உண்டு. ஆனால் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் மைதானத்தில் ஒரு விந்தை நடக்கும். எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய பிறகு ஹம்சினி காமுவை மட்டும் நிறுத்திவைத்துக்கொள்வாள். இரண்டு கஜ தூரத்தில் நின்று பந்தை மெல்ல, மிக மெல்ல, அவள் மார்புக்கு எறிவாள். "கண்ணைத் திற. அது உன்னை ஒண்ணும் பண்ணாது." நூறு தடவை, இருநூறு தடவை. ஜூன் மழையில் நனைந்தபடி, ஜூலைச் சேற்றில் நின்றபடி. ஆகஸ்டில் ஒரு நாள் காமு கண்ணைத் திறந்தபடியே பந்தை நெஞ்சில் வாங்கினாள். நான் கைதட்டி அழுதேன். எனக்கு ஏன் அழுகை வந்தது என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

அதன்பின் வெல்லத் தொடங்கினோம். மூன்று ஆட்டங்கள் பாக்கி இருக்கும்போது, கடைசி இடத்திலிருந்து தப்பிக்க வழி தெரிந்தது. கடைசி இடம் என்றால் லீக்கில் கீழ்ப்பிரிவு. கீழ்ப்பிரிவுக்குப் போனால் மாலை நேர மைதானம் பறிபோகும். மைதானம் போனால் அணி கலையும். அப்படித்தான் நாங்கள் நம்பினோம்.

அந்த நேரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, அணியின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. வெளியூர் அலுவலகம் ஒன்றில், விளையாட்டு ஒதுக்கீட்டில், ஹம்சினிக்கு வேலை! பதின்மூன்றே நாளில், திங்கட்கிழமைக்குள், சேரவேண்டும். டாலிகஞ்சில் மெஸ் நடத்திய அவள் அப்பா பக்கவாதத்தில் படுத்து ஓராண்டாகிவிட்டது. அவளுக்குக் கீழே பள்ளிக்கூடம் போகும் தம்பிகள் இருவர். எவ்வளவு பெரிய வரம் அந்தக் கடிதம்! அதை நான் என்ன செய்தேன் தெரியுமா, தாய்மார்களே?

கைப்பைக்குள் வைத்தேன். பூட்டினேன்.

அங்கே யாரோ 'அடப்பாவி' என்கிறீர்கள். உரக்கவே சொல்லுங்கள், எனக்கு அது வேண்டும். ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பதினொரு நாள் என் குடைக்கும் டிபன் டப்பாவுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஏன்? அவள் போனால் தோற்போம். தோற்றால் அணி போகும். அணிக்காகத்தான், எல்லோருக்காகவும்தான் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நடுவில் ஓர் ஆட்டம். அவள் அடித்த கோலில் வென்றோம். எனக்கு ஒரு இனிப்புகூட வாயில் வைக்க முடியவில்லை.

பதினொன்றாம் நாள், சனிக்கிழமை, அடுத்த ஆட்டம். ஊரெல்லாம் காய்ச்சல். பதினோரு பேர்தான் வந்திருந்தார்கள். இரு அணியும் ஆளுக்கொரு கோல் அடித்துச் சமநிலையில் இருந்தபோது ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் பிசகியது. உத்தமன் அண்ணன் பட்டியலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஜெயலக்ஷ்மிம்மா, அந்தப் புள்ளையோட பூட்ஸை மாட்டுங்க."

"அண்ணே, விளையாடாதீங்க!"

"நான் விளையாடல, நீங்கதான் விளையாடப் போறீங்க. ஓரமா நில்லுங்க, போதும்."

சுடிதார் மேல் டீம் சட்டையை மாட்டிக்கொண்டு கோட்டைத் தாண்டினேன். பதினெட்டு நிமிடங்கள், பெரியோர்களே! என் ஆயுளில் மறக்கமுடியாத பதினெட்டு நிமிடங்கள்!

வெளியே உட்கார்ந்து பார்த்தபோது கால்பந்து எனக்கு வெறும் ஓட்டம். உள்ளே நின்றபோதுதான் தெரிந்தது, அது பேச்சு! இடைவிடாத பேச்சு! "பின்னாடி ஆள்!" "எகானே தாவ், இங்க குடு!" "விடு, அது புதுலோடது!" இவ்வளவு பேச்சிலும் ஹம்சினி ஒரு தடவைகூட 'எனக்குக் கொடு' என்று கேட்கவில்லை. பந்து காமுவிடம் போனபோது, மூன்று பேர் அவளை நோக்கிப் பாய்ந்து வந்தபோது, ஹம்சினி சொன்னாள்: "காமு, உனக்கு நேரம் இருக்கு."

நேரமா? எங்கே இருந்தது நேரம்? ஆனால் காமு நிமிர்ந்தாள். நிதானமாகப் பார்த்தாள். மூவரையும் ஏமாற்றிப் பந்தைக் கடத்தினாள். கடத்திவிட்டு, வங்காள முறையில் அக்கா என்று அழைத்து, என்னிடம் கத்தினாள்: "ஜெயா தி, பயப்படாதீங்கோ, நான் இருக்கேன்!"

கண்ணை மூடிக்கொண்டு முதுகைக் காட்டிய குழந்தை, எனக்குத் தைரியம் சொல்கிறாள்! அந்தச் சேற்றில் நின்று நான் பிரமித்தேன். ஆடிக்கொண்டே ஆட்டக்காரிகளை ஆக்கிக்கொண்டிருந்தவள் ஹம்சினி! தான் இல்லாத ஓர் அணியைத் தன் கையால் தயார் செய்துகொண்டிருந்தவள் அவள்! அவளைப் பூட்டி வைக்க நான் யார்?

என் காலுக்கும் ஒரு தடவை பந்து வந்தது. உதைத்தேன். எங்கள் கோலுக்குப் பின்னால் போய் எதிரணிக்குக் கார்னர் கிடைத்தது. சிரியுங்கள், புதுல் இன்றும் சிரிக்கிறாள்.

ஆட்டம் சமனில் முடிந்தது. சேறு படிந்த கையோடு கைப்பையைத் திறந்து கடிதத்தை நீட்டினேன். அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? இல்லை. "இன்னைக்குத்தான் வந்துச்சும்மா" என்றேன். அவள் படித்தாள். அப்படியே குனிந்து என் காலைத் தொட்டாள். நான் நகராமல் நின்றேன். ஒன்பது ஆண்டுகளாக அந்தக் கை என் காலைச் சுடுகிறது.

அவள் ரயிலேறினாள். கடைசி ஆட்டத்துக்குக் காமு தலைவி. ஒரு கோலில் தோற்றோம், கீழ்ப்பிரிவுக்குப் போனோம், மாலை மைதானமும் போயிற்று. காலை ஐந்து மணிக்குத்தான் இடம் என்றார்கள். ஐந்து மணிக்கு எல்லோரும் வந்து நின்றார்கள். ஒருத்திகூட விலகவில்லை. மறுமாதம் புதிதாக எட்டுப் பேர் சேர்ந்தார்கள். அவர்கள் நெஞ்சுக்குப் பந்தை மெல்ல எறிந்துகொண்டிருந்தவள் காமு.

ஹம்சினி, இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். அந்தக் கடிதம் அன்று வந்ததல்ல. பதினொரு நாள் நான் ஒளித்து வைத்தேன். உன்னை நான் உருவாக்கவில்லை. உன் வாழ்க்கையை நான் கெடுக்கப் பார்த்தேன். என்னை மன்னித்துவிடு.

ஏனம்மா எழுந்திருக்கிறாய்? உட்கார். என்ன சொல்கிறாய்? தயவுசெய்து எல்லோரும் சற்று அமைதியாக இருங்கள். மைக்கில் சொல் தாயே.

"எனக்குத் தெரியும் தி. அந்த லெட்டரோட காப்பி அன்னைக்கே எங்க ஆத்துக்கும் வந்துடுத்து. நான் அப்பாகிட்டகூடச் சொல்லல."

கேட்டீர்களா? தெரியுமாம்! தெரிந்துகொண்டே இரண்டு ஆட்டம் ஆடியிருக்கிறாள்! பிறகு ஏன் அம்மா என்னிடம் கேட்கவில்லை? ஏன் என் காலைத் தொட்டாய்?

"எங்களை விட்டுட்டு நீ போன்னு யாராவது ஒருத்தர் சொல்லணும்னு காத்துண்டிருந்தேன். நீங்க குடுத்தேள். குடுக்காம இருந்திருந்தா நான் போயிருக்கவே மாட்டேன் தி."

தலைவர் அவர்களே, எழுதி வந்த பேச்சில் இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறது. என்னால் முடியவில்லை. பன்னிரண்டாவது நாளும் அந்தப் பையைத் திறக்காமல் இருந்திருந்தால்? பொறுமையோடு கேட்ட உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இந்த அவைக்கு என் வணக்கம். உனக்கும்தான், ஹம்சினி, வணக்கம்.