ஹால் டிக்கெட்

தியாகதுருகம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், இட ஒதுக்கீடு கேட்டுப் போராடுகிறவர்கள் வெட்டிச் சாய்த்திருந்த புளியமரம் எங்கள் பஸ்ஸை நிறுத்திவிட்டது. கள்ளக்குறிச்சிக்கு இன்னும் மூன்று மைல் இருந்தது. எனக்கு முன் இருக்கையில் சர்க்கார் வேலைப் பரீட்சைக்குப் போகும் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் பெருமூச்சு விட்டாள்.

"மரத்த வெட்டிப் போட்டது நல்லதாப் போச்சுடி."

"இன்னாடி சொல்ற? ராப்பகலா படிச்சியே!"

"ரெண்டு தபா எழுதி ரெண்டும் போச்சு. இதுவும் வராது. போனா நான் பெயிலு. போவலன்னா பழி மரத்து மேல."

"வெட்டுனது உங்க அண்ணன்டி."

"எனக்கு வேல கெடைக்கணும்னுதான் கோடாலி தூக்கிக்கினு போச்சு. என்னால முடியும்னு அது நம்புது. நான் நம்பல."

இறங்கிப் போயிருந்த கண்டக்டர் திரும்பி வந்து கத்தினார். "பரீட்சைக்குப் போறவங்க இருக்கீங்களா? ஹால் டிக்கெட்டக் காட்டுனா மரம் வெட்டுனவங்களே சைக்கிள்ல கொண்டுபோய் வுடறாங்களாம்."

தோழி எழுந்தாள். "வாடி, டைம் இருக்குது."

ஜன்னலோரத்தாள் தன் ஹால் டிக்கெட்டை நாலாக மடித்து, பையில் சோற்று டப்பாவுக்கு அடியில் செருகினாள்.

"நீ போ. எங்கண்ணன் கேட்டா, நான் வூட்ல வச்சிட்டு வந்துட்டேன்னு சொல்லிடு."