வில்லு நிக்குத எடம்

கேளுங்க மக்கா. நம்ம பூட்டனுக்குப் பூட்டன் தொட்டில்ல கெடந்த காலம். இந்தக் கள்ளிவிளையில சிவனணைஞ்சான்னு ஒரு அண்ணாவி இருந்தாராம். வில்லுப்பாட்டுக்குப் பேர்போன ஆளு. அவரு நாணைப் பூட்டி வீசுகோலால ஒரு தட்டு தட்டுனா, மணி குலுங்குத குலுங்கல்ல அடுத்த ஊரு மாடு தலையைத் தூக்கிப் பாக்குமாம். அப்படிச் சொல்லுவாவ.

அவருக்கு ஆம்பளப் பிள்ளை இல்ல. ஒரே மவ, ஒலகம்மை. பொட்டப்பிள்ளை வில்லைத் தொடப்பிடாதுன்னு சொல்லிட்டாரு. அவ தொடல. ஆனா காதை யாரு பொத்த முடியும்? அவரு பாடப் பாட, அடுப்படியில இருந்தே இசக்கியம்மன் கதை அம்புட்டையும் புடிச்சுக்கிட்டா.

தங்கச்சி மவன் பொன்னுலிங்கத்துக்கு அவளைக் கெட்டிக்குடுத்தாரு. இனி மருமவனுக்கு வித்தையைச் சொல்லிக்குடுப்போம்னு இருந்தவருக்கு, வாதம் வந்து நாக்கு விழுந்துபோச்சு. அம்மன் கோயில் கொடைத் திருவிழா கிட்ட வந்துட்டு. ஊரு கையைப் பெசையுது.

அப்பம் ஒலகம்மை சொன்னாளாம், "நான் சொல்லித்தாரேன் அத்தான்."

அரிசி பொடைக்குத சுளகைக் கவுத்துப் போட்டா. அதுதான் வில்லு. ரெண்டு அகப்பைக் காம்பு. அதுதான் வீசுகோல். "இங்க ஓங்கி அடிக்கணும். இந்த எடத்துல அம்மன் அழுதா, கோலு பட்டும் படாம விழணும்." அவ அடிப்பா, பாடுவா. அவன் அடிப்பான், பாடுவான். தப்புனா திரும்ப. தப்புனா திரும்ப.

படிச்சு முடிஞ்ச அன்னிக்குக் கேட்டா, "கதை தொடங்க முந்தி, சொல்லித்தந்தவங்களைக் கும்பிட்டுக் குருவடி பாடுவீகளே. அதுல எம்பேரையும் ஒருக்கச் சொல்லணும்."

"சொல்லுதேன் பிள்ளே"ன்னு அவ தலையிலயே கையை வச்சான்.

கொடையில பாடுனான். மாமன் பேரைச் சொன்னான். அவ பேரைச் சொல்லல. வீட்டுக்கு வந்து கேட்டா.

"பொண்டாட்டிகிட்டப் படிச்சேன்னா ஊரு சிரிக்கும். அடுத்த கொடைக்குப் பாப்போம்."

அடுத்த கொடைக்கும் சொல்லல. அதுக்கடுத்த கொடைக்கும் சொல்லல. ஆனா ஒவ்வொரு கொடைக்கு முந்தியும் மறந்த பாட்டடியைக் கேட்டு அவகிட்டத்தான் வருவான். அவளும் சுளகைக் கவுப்பா. இப்பம் அவன் பொன்னுலிங்க அண்ணாவி. பின்னால சிஷ்யப்பிள்ளைக. ஒலகம்மை இடுப்புல ஒரு பொட்டப்பிள்ளை.

பெரிய அண்ணாவி செத்தாரு. இனியாவது சொல்லுவான்னு ஒலகம்மை முன்வரிசையில போயி உக்காந்தா. பொன்னுலிங்கம் குருவடி பாடுதான், "என் கனவுல அம்மனே வந்து எனக்குச் சொல்லித்தந்தா"ன்னு.

மறுவருசம் வந்தான். "அந்த அழுகை அடியை ஒருக்கச் சொல்லு பிள்ளே."

"கனவுல கேளுங்க"ன்னுட்டா.

மத்தியான உச்சிக்கொடை. கதை நல்லாத்தான் போச்சு. அம்மன் அழுத எடம் வந்துச்சு. அடி வரல. திரும்ப நாணைத் தட்டுனான். வரல. குடம் அடிச்சவன் கையை நிறுத்திட்டான். கதை பாதியில நின்னா ஊருக்கு ஆகாதும்பாவ. பொன்னுலிங்கம் தலையைத் தூக்கி, பொம்பளைக கூட்டத்துல அவளைப் பாத்தான். அவன் பாத்ததை ஊரே பாத்துட்டு.

ஊர்த்தலைவரு கேட்டாரு, "ஏ பிள்ளே, ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பொறவென்ன, சொல்லு."

"எனக்கு எப்படித் தெரியும்னு அவிய முதல்ல சொல்லட்டும்."

அவ்வளவுதான் கேட்டா. பொன்னுலிங்கம் குனிஞ்சு நாணைப் பாத்துக்கிட்டே இருந்தான். அவ நின்னு பாத்தா. முந்தானையை ஒதறிட்டு, மவளை இடுப்புல தூக்கிட்டு, ஊரை விட்டே போயிட்டா.

அந்த வருசம் மழை பொய்ச்சுது. ஊரு அவளைத்தான் வைதுது. பொன்னுலிங்கத்தை ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. கடேசியில, உப்பளத்துல உப்பு சொமந்துக்கிட்டிருந்தவகிட்ட ஆளு போயி, "அந்த அடியை மட்டுமாவது சொல்லிக்குடு தாயி"ன்னு நின்னாவளாம். "மறந்துபோச்சு"ன்னாளாம். மறந்தாளோ, மறைச்சாளோ. அவளோடயே மண்ணுக்குள்ள போச்சு. பெத்த மவளுக்குக்கூடச் சொல்லல. அந்த மவ பொறவு இந்த ஊருக்கே வாக்கப்பட்டு வந்தா; அவ வழிதான் நாம.

அதான் இன்னிக்கும் நம்ம கொடையில, எந்த ஊரு வில்லுக்காரன் வந்தாலும் அம்மன் அழுத எடத்துல வில்லு நிக்கும். பாடுததுக்கு அடி இல்ல. "ஒலகம்மா"ன்னு ஒரு கொரலு குடுத்துட்டுத்தான் மேல தொடங்குவான். பொம்பளைக குலவை போடுவாவ. அது ஆருய்யான்னு அந்தப் பாட்டுக்காரனைக் கேட்டுப் பாருங்க. இந்த அம்மனுக்கு அது இன்னொரு பேருன்னு சொல்லுவான்.