மூட்டைக்குள் மூச்சு

"பறிச்சதும் எல செத்துப்போச்சு. அதுல படிக்க என்னம்மா இருக்கு?" என்று எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஒருமுறை என்னிடம் கேட்டார்.

நேற்று பிரிஞ்சாங் டவுனுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர். நான் அறியாதவர்கள். இளையவள் சொன்னாள்:

"எல செவந்துருச்சுன்னு கங்காணி மூட்டைய வேணாம்னுட்டாருக்கா. இன்னொரு தடவ செவந்தா புல்லு வெட்ட அனுப்பிருவாராம்."

"மூட்டைய அமுக்குனியா?"

"மேல உக்காந்தேன். குளிருல்ல. மூட்ட கதகதன்னு இருந்துச்சு லா."

"ஏன் சுடுதுன்னு யோசிச்சியா?"

"நான் உக்காந்த சூடுன்னு நெனச்சேன்."

"நீ என்ன ரைஸ் குக்கரா? பறிச்சாலும் எலைக்கு உசுரு இருக்குடி. சேத்து வச்ச சக்கரைய எரிச்சு மூச்சு விடுது, அந்தச் சூடு. அமுக்குனா வெளிய போக வழியில்லாம உள்ளயே வெந்துரும்."

"யாருக்கா சொன்னா?"

"மேல் டிவிஷன்ல ஒரு பொண்ணு யுனிவர்சிட்டில படிக்குதாம். அது அம்மாகிட்ட சொல்லி, அந்தம்மா இப்ப மூட்டப் பக்கம் ஒருத்தரையும் உக்கார விடறதில்ல."

"அப்ப குளிருக்கு?"

"சுவெட்டர் போடு."

அந்தம்மா என் அம்மா. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முதுகலை ஆய்வுக்குப் பறித்த இலையின் மூச்சைத்தான் தலைப்பாக எடுத்திருக்கிறேன். ஒரு மூட்டைக் கொழுந்து வேண்டும், அமுக்காமல் கட்டித் தாருங்கள் என்று, இலை செத்துப்போச்சு என்ற அதே கிராணியிடம் நேற்று காலையிலேயே கேட்டுவிட்டேன்.