காவல்காரனை எழுப்பினேன்

சாப்பிடும்போது நான் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிடுவேன், ஐயா. மாட்டிக்கொண்டு மென்றால் மண்டைக்குள் ஜல்லி அரைக்கிற மாதிரி இருக்கும். என் பெண்ணைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாள்.

மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் சிரித்து வருஷக்கணக்காகிறது.

அந்தக் குளிர்கிடங்கைச் சாவி போட்டுத் திறந்து மூடியவன் நான். மாப்பிள்ளை வந்து, விரல் வைத்தால் திறக்கிற கதவை மாட்டினான். பழைய பூட்டை அவசரத்துக்கென்று விட்டுவைத்தான். 'வெளியே வரும்போதும் விரல் கேட்கட்டும், திருடன் உள்ளேயே மாட்டிக்கொள்வான்' என்று முதலாளிக்கு யோசனை சொன்னது மட்டும் நான். யாரையும் நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை.

அன்று காலை கதவு ஒருவர் விரலையும் ஏற்கவில்லை. முதலாளிக்கே திறக்கவில்லை. அவர் கத்திவிட்டு வெளியே போய்விட்டார். மாப்பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் வேர்த்து வழிந்தான். எனக்குக் குஷி தாங்கவில்லை.

"என்ன மாப்பிள்ளை, உங்க கதவுக்கு மறதி வந்துடுச்சா?"

"கதவு மேல தப்பில்ல மாமா. இந்தக் கம்ப்யூட்டரை ஓட்டற லினக்ஸுக்குள்ள ஒரு காவல்காரன் இருக்கான். விரல் ரேகை ஃபைலை நேத்து என் சொந்த ஃபோல்டர்லேருந்து இங்க நகர்த்தினேன். பழைய லேபிள் அப்படியே ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. 'இது வீட்டுச் சாமான், கதவு இதைத் தொடக்கூடாது'ங்கறான்."

"நியாயமாத்தானே சொல்றான்?"

"உங்களுக்குன்னு ஒரு ஜோடி கெடச்சுட்டான்."

அவன் ஒரு வரி தட்டினான். கடைசியில் பூச்சியம் போட்டால் காவல்காரன் கண்ணயர்வான், கதவு திறக்கும். ஒன்று போட்டால் முழித்துக்கொள்வான், கதவு மறுக்கும். திறக்கும், மறுக்கும், திறக்கும். ராட்டினத்தில் ஏறிய பிள்ளை மாதிரி எனக்குத் தலை கிறுகிறுத்தது.

"இவன்தான் மாமா. இப்ப தூங்க வெச்சிருக்கேன். லேபிளை மாத்தறதுக்கு முன்னாடி உள்பக்கம் விரல் எடுக்குதான்னு பாத்துட்டு வந்துடறேன். கீபோர்டைத் தொடாதீங்க. அப்புறம், அடுத்த மாசத்துலேருந்து நீங்க வீட்டுல ஓய்வா இருங்க. முதலாளிகிட்ட பேசிட்டேன். இனி சாவிக்கு ஒரு ஆள் எதுக்கு?"

நல்ல மனசோடுதான் சொன்னான். தோளில்கூடத் தட்டிக்கொடுத்தான். போனை மேசையில் வைத்துவிட்டு, மெல்லிய சட்டையோடு உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது.

பூச்சியத்தை அழித்தேன். ஒன்று போட்டேன்.

தூங்குகிற காவல்காரனை எழுப்புவது குற்றமா, ஐயா? நான் எதையும் பூட்டவில்லை. உள்ளே இருந்தவனைக் கதவுக்கு அடையாளம் தெரியவில்லை. அதை நினைத்து நினைத்துச் சிரித்ததில் என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

சாயங்காலம் முதலாளி வந்து கேட்டதும் நான்தான் திறந்துவிட்டேன், இடுப்பிலிருந்த பழைய சாவியால். மாப்பிள்ளை கதவோரச் சுவரில் சாய்ந்தபடி விறைத்துப்போயிருந்தான். விரல் மட்டும் ரேகை பார்க்கிற கண்ணாடியில் வைத்தபடியே இருந்தது.

அவன் ஒரு தடவை 'மாமா' என்று கூப்பிட்டிருந்தால் ஓடிப்போய்த் திறந்திருப்பேன். பெண் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன், எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அன்றைக்கென்று பசி சீக்கிரமே வந்துவிட்டது. டிபன் பாக்ஸைத் திறந்து, நிதானமாக மென்று சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.